முதுகில் ஒரு சுண்டுவிரல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில் பக்கத்து சீட்டுக்காரரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். அந்த சீட்டில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர் நம்ம பிரேக் அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் யாரோ வைத்த பெயர். இப்போது மச்சினன்மார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. அவர் காலில் அப்படியொரு நேக்கு. கற்றுக்கொள்கிற ஆள் கிளட்ச்சைப் பட்டென்று விடப்போகிறார் என்பது அந்த ஆளுக்கே தெரிவதற்குள் அண்ணனின் கால் அமுங்கிவிடும். வண்டி குலுங்காது. நாமே நன்றாக ஓட்டிவிட்டோம் என்று ஆள் சிரித்துக்கொண்டே இறங்குவார். சிரித்துக்கொண்டு இறங்குகிறவர் நாலு பேரிடம் போய்ச் சொல்வார். அண்ணனுக்கு நல்ல பெயர் வந்தது இப்படித்தான்.

காலில் இருந்த இந்தப் பழக்கம் கைக்கு ஏறியதுதான் வினை. அதில் அகப்பட்டுக்கொண்டது யாரோ எவரோ இல்லை, கட்டிய மனைவி.

அண்ணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மறைத்து, எதிரே பலகையில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வார். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாளெல்லாம் கேட்பார். அந்த அறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு மரச்சாமான் கடை. கடை மாடியில் எப்போதும் திரையைப் பாதி இறக்கி விட்டிருப்பார்கள். அதனால் அண்ணி கண்ணுக்குப் பட்டதெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். இரண்டு கால் ஒரே இடத்தில் நிற்கும். வேறு இரண்டு கால் அதைச் சுற்றி வரும், நடுவில் நிற்கும், யோசிக்கும், அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம் சுற்றும். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின் வீட்டில் டிவிதான் பேசிக்கொண்டிருந்தது. அண்ணி வேலைக்கு நடுவே அந்தக் கால்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நாம போலாமாங்க, அந்த மாடிக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"எதுக்கு, கட்டில் வாங்கவா?"

"கட்டில் கீழ. மேல டாங்கோன்னு ஜோடி டான்ஸ் கத்துத் தராங்க. நான் விசாரிச்சுட்டேன்."

"இந்த வயசுல நம்மளப் பாத்து யாராவது சிரிக்கட்டும்னா?"

"சிரிக்கட்டுமே. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

இதற்கு மேல் பேசி ஜெயித்த கணவன் உண்டா? அண்ணன் போனார்.

மாடியில் கற்றுத் தந்த அம்மாளை எல்லாரும் மாஸ்டரம்மா என்பார்கள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார், அளந்துதான் பேசுவார். முதல் நாளே ஒன்று சொன்னார். "எந்தப் பக்கம் போகணும்னு ஆம்பளைங்க நெஞ்சால சொல்லணும். பொம்பளைங்க நெஞ்சால கேக்கணும். முதுகுல வைக்கிற கை படத்துக்கு ஃப்ரேம் மாதிரி, சும்மா இருக்கும். ஃப்ரேம் பேசாது." அண்ணன் தலையை ஆட்டினார். எல்லாருந்தான் ஆட்டினார்கள்.

முதல் மாதம் அண்ணி படாத பாடு பட்டார். பின்னால் வைக்க வேண்டிய காலை முன்னால் வைப்பார், அண்ணன் மேல் இடித்துக்கொள்வார், "ஐயோ, சாரிங்க" என்பார். ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று அண்ணனுக்குத் தெரிந்தது. மனைவி அழுதால் தாங்காத ஆள் அவர். நல்ல குணந்தான், ஆனால் அந்த நல்ல குணம்தான் வேலையைக் கெடுத்தது.

அடுத்த வகுப்பில், அண்ணி முதுகில் ஃப்ரேமாக இருக்க வேண்டிய கையில், சுண்டுவிரல் கொஞ்சம் அமுங்கியது. இடப்பக்கம் சுற்ற வேண்டுமானால் சுண்டுவிரல். வலப்பக்கமானால் கட்டைவிரல். நிற்க வேண்டுமானால் உள்ளங்கை. யாரும் பார்க்க முடியாது. சேலைத் தலைப்பு மறைத்திருந்தது. அண்ணிக்கே அது தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிந்துகொண்டது. பாட்டு முடிந்ததும் அண்ணி முகத்தில் ஒரு வெளிச்சம். "இன்னைக்கு எனக்குக் கேட்டுச்சுங்க. நீங்க நினைக்கிறது அப்படியே எனக்குக் கேட்டுச்சு." அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எந்த மனுஷன் 'அது நெஞ்சில்லம்மா, விரல்' என்பான்? அண்ணன் சொல்லவில்லை.

அதிலிருந்து ஏறுமுகம்தான். நடை, குறுக்குக்கால், பிறகு எட்டு. பெண் பாதத்தால் தரையில் எட்டு எழுதுவது. "எங்க டெஸ்ட்லயும் எட்டு, இங்கயும் எட்டு. என் தலையெழுத்தே எட்டுதான்" என்று அண்ணன் தமாஷ் பண்ணுவார். கூட்டம் சிரிக்கும். மற்ற ஜோடிகள் முட்டி மோதும்போது இவர்கள் இருவரும் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய்க்கொண்டிருந்தார்கள். "இவங்களப் பாருங்க" என்றார் ஒருநாள் மாஸ்டரம்மா. அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காருக்குள் அவரைப் புகழ்ந்தவர்கள் உண்டு. ஒரு கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திப் புகழ்ந்தவர்கள் கிடையாது.

சுற்றுகளும் அவற்றின் மாற்றங்களும் சொல்லித் தருகிற மேல்வகுப்புக்கு வந்ததும் விதி மாறியது. அங்கே ஜோடியாக வந்தவர்கள் ஜோடியாகவே இருக்க முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆள் மாற வேண்டும். பாடம் இதுதான்: ஆண் நடுவில் அச்சாக நிற்க, பெண் அவரைச் சுற்றி முன், பக்கம், பின், பக்கம் என்று கால் வைத்துப் போவாள். பாதிச் சுற்றில் ஆண் நெஞ்சைத் திருப்பினால் அவளும் அங்கேயே திரும்பி எதிர்ப்பக்கம் போக வேண்டும். அண்ணி ஜன்னலில் பார்த்து ஆசைப்பட்டது இந்தச் சுற்றைத்தான்.

அண்ணனுக்கு அமைந்த பெண்கள் பழைய ஆட்கள். அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர்கள் சுற்றிவிடுவார்கள். ஒரு பல் டாக்டரம்மா மட்டும் பாதியில், "சார், முதுகுல விரல் குத்துது, கொஞ்சம் தளர்த்துங்க" என்றார். அண்ணனுக்குச் சுரீர் என்றது. விரலைத் தளர்த்தினார். டாக்டரம்மா தன்பாட்டுக்குச் சுற்றி முடித்தார், இவர் நடுவில் கம்பம் மாதிரி நின்றார்.

அதே பாட்டில் அண்ணி வேறு ஒருவரின் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் ஒழுங்கானவர். கையை ஃப்ரேமாக வைத்து நெஞ்சால்தான் சொன்னார். அண்ணியின் முதுகு விரலுக்காகக் காத்திருந்தது. விரல் வரவில்லை. அடுத்த ஆளிடமும் அதே கதை. அதற்கடுத்த ஆளிடமும் அதே. இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு மாஸ்டரம்மா அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாகத்தான், ஆனால் அண்ணன் பக்கத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் நல்லாச் சொல்றாரு, அதனால அவரோட ஒப்பேத்திட்டீங்க. நீங்க இன்னும் கேக்கப் பழகல. கொஞ்ச நாள் கீழ்வகுப்புல இருங்க. அவர் இங்கயே இருக்கட்டும்."

அண்ணி சரி என்று தலையாட்டினார். அண்ணன் லேஸைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் திறக்கவில்லை. மேல்வகுப்பு, 'நல்லாச் சொல்றாரு' என்ற அந்த வார்த்தை, இரண்டும் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டன. மனுஷன் எவ்வளவு அற்பம் பாருங்கள்.

மறுவாரம் அண்ணி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். உள்ளே ஆட்டத்துக்கென்றே செய்த கறுப்பு ஷூ, தோல் அடி வைத்தது. "நம்ம வீட்டுல ஒருத்தராவது மேல போயிருக்கோமே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார். போட்டுப் பார்த்தார், அளவு கச்சிதம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி சோபாவைச் சுவரோரம் தள்ளினார். "வாங்க, ஒரு தடவ சுத்திப் பாக்கலாம். எங்க தப்புன்னு நீங்களாவது சொல்லுங்க."

அண்ணன் அன்று ஒரு சங்கல்பத்தோடுதான் கையை வைத்தார். விரலை அசைக்கக் கூடாது. நெஞ்சால் மட்டும் சொல்ல வேண்டும். பாட்டு ஆரம்பித்தது. நெஞ்சைத் திருப்பினார், திருப்பியதாக நினைத்தார். அண்ணி நின்றார். இன்னொரு தடவை. அண்ணியின் கால் தரையில் தடுமாறி, பழைய இடத்துக்கே வந்தது. அண்ணி முகம் செத்துப்போனது. "பாத்தீங்களா, இப்ப உங்ககூடயும் வரல" என்றார். அன்று பஸ்ஸில் செய்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணனின் சுண்டுவிரல் அமுங்கியது.

அண்ணி சுற்றினார். முன், பக்கம், பின், பக்கம். பாதியில் கட்டைவிரல், திரும்பினார், எதிர்ப்பக்கம் போனார், ஒரு பிசகு இல்லை. நின்றதும் அண்ணன் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "வீட்டுல நல்லா வருது. அங்க போனா வரல. எனக்குத்தான் ஏதோ கோளாறு. இந்த வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கறேங்க. நீங்க போங்க, உங்களுக்கு வருது."

அண்ணன் அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். தடவியது அதே கைதான். அந்தக் கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை கணக்கு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர், அண்ணனிடம் கார் கற்கிறவர், டெஸ்டில் மூன்று முறை தோற்றவர். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே அலுத்துக்கொண்டார். "என்ன மாயமோ சார். உங்ககூட ஓட்டும்போது நல்லா வருது. அங்க போனா மேட்டுல அணைஞ்சு போகுது. எனக்குத்தான் மண்டைல ஏதோ கோளாறு."

அதே வார்த்தை. வண்டி மேட்டில் ஏறி, நின்று, மறுபடி கிளம்ப வேண்டிய இடம் வந்தது. அவர் கால் தானாகக் கிளட்ச் மேல் போயிருந்தது. காலை எடுத்து சீட்டுக்கடியில் மடக்கிக்கொண்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான்.

"பாருங்க, மறுபடியும்" என்றார் டீச்சர்.

"டீச்சர், உங்க தப்பு இல்ல. இத்தனை நாளா அத என் கால் பண்ணிட்டிருந்துச்சு."

டீச்சர் குனிந்து அவர் காலடியைப் பார்த்தார். லாரிக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான். டீச்சரும் திட்டுவார் என்று அண்ணன் எதிர்பார்த்தார், அவர் திட்டவில்லை. "மூணு தடவ தோத்துட்டு, எம் பிள்ளைங்க முன்னாடி நான் மக்குன்னு ஒத்துக்கிட்டேன் சார்" என்றார். அப்புறம் வண்டியைக் கிளப்பினார், அணைந்தது, மறுபடி கிளப்பினார். அண்ணன் கால் சீட்டுக்கடியிலேயே இருந்தது. டீச்சர் தானாகவே மேடு ஏறும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

டீச்சரிடம் சொல்ல முடிந்தது. வீட்டில் சொல்ல முடிந்ததா? செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. சாப்பாட்டு மேஜையில் வாய்வரை வரும். 'இன்னும் கொஞ்சம் ரசம் போடு' என்று முடியும். பிறத்தியாரின் லைசென்ஸைக் கெடுத்ததைச் சொல்வது வேறு. இத்தனை மாதமாக அண்ணி வீட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு நடந்த சந்தோஷத்தின் அடியிலிருந்து பலகையை உருவுவது வேறு. 'நீங்க நினைக்கிறது அப்படியே எனக்குக் கேட்டுச்சு' என்றாரே, அதையும் சேர்த்து அல்லவா உருவ வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை வந்தது. கீழ்வகுப்பு முடிந்து மேல்வகுப்பு தொடங்குவதற்கு இடையில் இரண்டு வகுப்பும் சேர்ந்து சில பாட்டுக்கு ஆடுவது அங்கே வழக்கம். ஜோடிகள் கூடத்தைச் சுற்றி ஒரே திசையில், ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். குறுக்கே யாரும் போகக் கூடாது. அண்ணன் புது ஷூவோடு சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணியைக் கீழ்வகுப்பு ரொட்டிக்கடைக்காரர் ஆடக் கூப்பிட்டிருந்தார். குண்டு மனிதர், சட்டைக் காலரில் மாவு ஒட்டியிருந்தது, சாது. நடை சரியாகப் போயிற்று. சுற்று வந்ததும் அண்ணி நின்றுவிட்டார். பின்னால் வந்த ஜோடிகளும் வரிசையாக நின்றன.

"மன்னிச்சுக்கங்கம்மா, நான் சரியாச் சொல்லல போல" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"ஐயோ, இல்லைங்க. நீங்க சரியாத்தான் சொல்றீங்க. எனக்குத்தான் கேக்காது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார் அண்ணி. பழகிப்போன சிரிப்பு. அண்ணனால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தார். விதியாவது ஒன்றாவது, கூடத்துக்குக் குறுக்கே நடந்தார். தோல் அடி வழுக்கி ஒரு ஜோடிமேல் மோதப் பார்த்தார். போய் நடுவில் நின்றார்.

"அவளுக்குக் கேக்கும்" என்றார். "நான்தான் எதுவும் சொன்னதே இல்ல."

யாருக்கும் விளங்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தன் வலது கையைத் தூக்கி, சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். "முதுகுல இத வச்சு அழுத்துவேன். இந்தப் பக்கம்னா இது, அந்தப் பக்கம்னா இது. அவளுக்கே தெரியாது. அதனாலதான் மத்தவங்ககிட்ட நின்னுபோயிடறா. கீழ அனுப்ப வேண்டியது என்னைத்தான் மாஸ்டரம்மா."

மாஸ்டரம்மா பாட்டை நிறுத்தினார். அவர் முகமும் நன்றாக இல்லை. "நான் உங்க காலையே பாத்துட்டிருந்தேன். கையப் பாத்திருக்கணும்" என்றார் மெதுவாக.

அண்ணியின் கை பின்னால் போய், முதுகில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது.

"எப்பலேர்ந்து?"

"முதல் மாசத்துலேர்ந்து. நீ பஸ்ல அழுத பிறகு."

"'எனக்குக் கேட்டுச்சு'ன்னு சொன்னேனே, அன்னைக்கு?"

"அன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன்."

"ஞாயித்துக்கிழம?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் உங்களுக்கு ஷூ வாங்கிக் குடுத்தேன்" என்றார் அண்ணி.

இதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம். அண்ணன் ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழுகை வந்தது, அதையும் ஊர் பார்க்க அங்கே நின்று அழ வெட்கமாக இருந்தது.

அண்ணி ரொட்டிக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க மறுபடி சொல்லுங்க. அவசரப்படாம சொல்லுங்க. நான் தப்பாப் போனாலும் பரவாயில்ல."

மாஸ்டரம்மா பாட்டைப் போட்டார். அண்ணன் நாற்காலிக்குத் திரும்பினார். இந்தத் தடவை ஓரமாகவே சுற்றிக்கொண்டு போனார். அங்கிருந்து மனைவியின் முதுகைப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரரின் கை அதன்மேல் ஒரு பன்னை வைத்த மாதிரி சும்மா கிடந்தது. அண்ணி தப்பாகப் போனார். இடித்துக்கொண்டார். காலை மிதித்தார், மிதி வாங்கினார். அடுத்த பாட்டுக்கு வேறொருவர், அதற்கடுத்து வேறொருவர். எந்தப் பாட்டில் என்று சொல்லத் தெரியவில்லை, அண்ணி ஒரு அடி எடுத்து வைத்து, இன்னொன்று வைத்து, சுற்றின் கால்வாசியைத் தானாகவே போய்விட்டு அதிர்ந்துபோய் நின்றார். எதிரே இருந்தவரும் சேர்ந்து சிரித்தார். அண்ணன் பார்க்காத ஒரு சிரிப்பு அது. தான் எதைத் திருடி வைத்திருந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அண்ணி வந்து அவர் எதிரில் நின்றார். நெற்றியில் வியர்வை. கோபம் ஆறவில்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"எங்க ஆஸ்பத்திரிக்குச் சில பேர் வருவாங்க" என்றார். "பலகையில இருக்கற எழுத்த முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பாங்க. கண்ணு நல்லாயிருக்குன்னு பேர் வாங்கணுமாம். அவங்கள நான் திட்டறதில்ல. பலகைய மாத்திடுவேன்."

அண்ணனின் வலது கையைப் பிடித்தார். இடது கையையும் பிடித்தார். இரண்டையும் அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வைத்தார். பிறகு தன் உள்ளங்கைகளை அவர் நெஞ்சில் வைத்தார்.

"இப்ப சொல்லுங்க. கேக்கறேன்."

பாட்டு ஆரம்பித்தது. அண்ணனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மற்ற ஜோடிகள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். நின்றபடியே பாதிப் பாட்டு போயிற்று. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக நின்றார், நாற்காலியில் உட்காரவைத்த நோயாளிக்குக் காத்திருக்கிற மாதிரி. அண்ணன் மூச்சை இழுத்தார். இடப்பக்கம் போகச் சொல்ல நினைத்தார். நெஞ்சு, வாழ்க்கையில் முதல்முறையாக, தட்டுத்தடுமாறி ஏதோ சொல்லியது.

அண்ணி அடி எடுத்து வைத்தார், வலப்பக்கம்.

தப்பு. பின்னால் கோத்திருந்த கைகளில் அண்ணனின் சுண்டுவிரல் துடித்தது. காற்றில் தனியாக அமுங்கியது. அண்ணி கண்ணைத் திறக்காமல், அடுத்ததற்குக் காத்து நின்றார்.

அண்ணன் விரலை மடக்கினார். அண்ணி எந்தப் பக்கம் போனாரோ அந்தப் பக்கமே தானும் கால் வைத்தார்.